அந்நியர் கண்ணில் அகப்பட்ட ஜப்பான்

வீட்டில் நாள்தோறும் புழங்கும் பொருளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. விருந்தாளி ஒருவர் வந்து, கூடத்தில் கிடக்கும் பழஞ் செம்பைக் கையில் எடுத்து, "ஆகா! இது எவ்வளவு அழகாயிருக்கிறது!" என்று வியக்கும்போதுதான், "அப்படியா?" என்று நாமும் ஒரு முறை அதைத் திரும்பிப் பார்க்கிறோம். ஒரு வீட்டுக்குள்ள இந்த நியாயம் ஒரு தேசத்துக்கும் பொருந்தும். தன் அன்றாட வாழ்க்கையைத் தானே கண்டு கொள்ளாத தேசங்கள் பல உண்டு. விருந்தாளி வருவதற்குள் செம்பைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்ட தேசங்களும் உண்டு.

ஜப்பான் அப்படிப் போட்டுவிட இருந்தது. தக்க சமயத்தில் ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். அவருடைய கதையையும், அவர் கண்டவற்றையும், அவர் காணத் தவறியவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சிப்பி தேடி வந்தவர்

அவர் பெயர் எட்வர்ட் ஸில்வெஸ்டர் மோர்ஸ். தந்திக்குப் புள்ளியும் கோடும் வகுத்துக் கொடுத்த மோர்ஸ் வேறு, இவர் வேறு. இவர் 1838-ம் வருஷம் அமெரிக்காவில் மேயின் மாகாணத்திலுள்ள போர்ட்லண்ட் நகரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் இவரை வைத்துக் கொண்டு உபாத்தியாயர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் இவரை வெளியே அனுப்பி வைத்தன. பையனுக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. கடற்கரைச் சிப்பிகளிலேயே சென்றது. ரெயில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் படம் வரையும் வேலை பார்த்து, பிறகு ஹார்வர்டில் அகஸீஸ் என்னும் பெரிய பிராணி நூல் பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். கரும்பலகையில் இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் படம் போட்டுக் காட்டி, சபையோரை வாயடைத்துப் போகச் செய்வது இவருடைய பிரஸங்கங்களின் விசேஷம்.

சிப்பியைப் போலவே தோன்றி, ஆனால் சிப்பி இனத்தைச் சேராத ஒரு வகைக் கடற் பிராணி உண்டு. விளக்குச் சிப்பி என்று அதற்குப் பெயர். ஜப்பானியக் கடலில் அது ஏராளமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டே, 1877-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மோர்ஸ் யோகஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஜப்பானிய மக்களைப் பற்றி ஆராயும் நோக்கம் அப்போது அவருக்குக் கொஞ்சமும் இல்லை.

யோகஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரெயில் போட்டு அப்பொழுது ஐந்து வருஷமே ஆகியிருந்தது. அந்த ரெயிலில் போய்க் கொண்டிருக்கையில், ஓமோரி என்னும் இடத்தில், பாதைக்காக வெட்டிய மேட்டில் வெள்ளை வெளேரென்று சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரிவதை ஜன்னல் வழியே கண்டார். மற்றப் பிரயாணிகளுக்கு அது வெறும் மண்மேடு. சிப்பியிலேயே வளர்ந்த அவருடைய கண்ணுக்கோ அது ஆதிகால மனிதர்கள் தின்றுவிட்டு எறிந்த குப்பைக் குவியல். சில மாதங்களில் அங்கே தோண்டிப் பார்த்தார். கயிற்றுத் தடம் பதிந்த புராதன மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. கயிற்றுத் தடம் என்று அவர் எழுதிய சொல்லின் மொழிபெயர்ப்பாகிய 'ஜோமோன்' என்பதே இன்று ஜப்பானின் அந்தப் புராதன யுகம் முழுவதற்கும் பெயராக வழங்குகிறது.

அந்த வருஷந்தான் டோக்கியோ ஸர்வகலாசாலை ஏற்பட்டது. மோர்ஸ் அதில் பிராணி நூல் பேராசிரியராக அமர்ந்தார். 1877, 1878-79, 1882-83 என்று மூன்று முறை ஜப்பானில் தங்கினார். பகலில் பாடம், ஒழிந்த வேளைகளில் தெருத் தெருவாகச் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார், எழுதியதற்குப் பக்கத்திலேயே படமும் வரைந்தார்.

மரமும் பாயும் காகிதமும்

அக்காலத்தில் ஜப்பானுக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பலருக்கு ஜப்பானியர் வீடு என்றால் இளப்பம். புகைபோக்கி இல்லை, நாற்காலி இல்லை, சுவருக்குச் சாயம் இல்லை, கதவுக்குப் பூட்டு இல்லை என்று 'இல்லை'களை அடுக்கிக் கொண்டே போவார்கள். மோர்ஸ் மட்டும், இருப்பது என்ன என்று பார்த்தார். 1886-ல் ஜப்பானிய வீடுகளைப் பற்றியே ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார்.

வைக்கோலை அழுத்தித் தைத்து, மேலே மெல்லிய கோரைப்பாய் போர்த்திய தடித்த விரிப்புகளால் தரை முழுவதும் மூடப்பட்டிருக்கும். இவற்றிற்கு டடாமி என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஆகையால் அறையின் அளவை அடிக்கணக்கில் சொல்வதில்லை. "ஆறு பாய் அறை", "எட்டுப் பாய் அறை" என்று பாய்க்கணக்கில் சொல்லுகிறார்கள். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டே உள்ளே நுழைய வேண்டும். அந்தப் பாயின் மேல்தான் உட்காருவது, உண்பது, உறங்குவது எல்லாம். காலையில் படுக்கையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டால் படுக்கை அறையே கூடமாகிவிடும். நடுவிலுள்ள தள்ளு கதவுகளை எடுத்துவிட்டால் இரண்டு அறைகள் ஒன்றாகிவிடும். இவையெல்லாம் நம்மவர்க்கு அவ்வளவு விந்தையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஒவ்வோர் அறையிலும் மேஜை, நாற்காலி, சோபா, பீரோ என்று நிரப்பி, நடக்க வழியின்றித் தடுமாறும் தேசத்திலிருந்து வந்தவருக்கு அது பெரிய விந்தை.

அறையின் ஒரு பக்கத்தில் டோகோனோமா என்னும் சிறு மாடம் இருக்கும். அதில் ஒரே ஒரு சித்திரச் சுருள். அதன் அடியில் ஒரே ஒரு பூச்சாடி. வீட்டுக்காரரிடம் நூறு சித்திரங்கள் இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான் தொங்கும். மற்றவை பெட்டியில் இருக்கும். பருவத்துக்கும் வருகிற விருந்தினருக்கும் ஏற்ப அதை மாற்றுவார்கள். செல்வம் இருப்பதைக் காட்டுவதற்கு எல்லாவற்றையும் சுவரில் மாட்டும் வழக்கத்தை இதனுடன் ஒப்பிட்டு, தம் நாட்டாரைப் பார்த்து மோர்ஸ் சிரிக்கிறார்.

ஜன்னல்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் வெள்ளைக் காகிதம். குழந்தைகள் உள்ள வீட்டில் காகிதத்தில் ஓட்டை விழாமல் இருக்குமா? ஓட்டை விழுந்தால் அதைச் சதுரத் துண்டு ஒட்டி மூடுவதில்லை. செர்ரிப் பூவின் வடிவத்தில் காகிதம் கத்தரித்து ஒட்டுகிறார்கள் என்பதை மோர்ஸ் கண்டார். கிழிசலும் போயிற்று, ஜன்னலில் ஒரு பூவும் பூத்தது! தம் ஊரில் உடைந்த ஜன்னலைப் பழைய தொப்பியைத் திணித்து அடைப்பது அவருக்கு நினைவு வந்ததாம். ஏழை வீட்டின் ஓட்டை ஜன்னலிலே ஒரு ஜாதியாரின் கலையுணர்ச்சியைக் கண்டாரே, அதுதான் அவருடைய பார்வையின் பெருமை என்று நாம் கருதுகிறோம்.

தெருவிலும் விடுதியிலும்

தச்சர்கள் ரம்பத்தையும் இழைப்புளியையும் முன்னே தள்ளாமல் தம்மை நோக்கி இழுத்து வேலை செய்வதை மோர்ஸ் எழுதி வைத்தார். குழந்தைகளை முதுகில் கட்டிக் கொண்டே தாய்மாரும் அக்காமாரும் எல்லாக் காரியங்களையும் செய்வதை எழுதினார். ஜப்பானைக் குழந்தைகளின் சுவர்க்கம் என்றே அவர் கருதினார்.

சென்னைத் தெருக்களில் ஒரு காலத்தில் ஓடிய கை ரிக்ஷாவை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் ஜப்பானிலிருந்து வந்ததுதான். 'ஜின்' என்றால் மனிதன். 'ரிகி' என்றால் பலம். 'ஷா' என்றால் வண்டி. இந்த மனித பல வண்டியை இழுப்பவர்கள் சவாரிக்காகச் சண்டையிடாமல், தமக்குள் சீட்டுப் போட்டு, யாருக்கு விழுந்ததோ அவனை விட்டுவிட்டுச் சிரித்துக் கொண்டே விலகிப் போனதை மோர்ஸ் வியப்புடன் குறிக்கிறார். தெருவில் படுத்திருக்கும் நாயையும் பூனையையும் அதட்டி எழுப்பாமல் அவர்கள் வண்டியை ஒதுக்கி ஓட்டியதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

மோர்ஸ் சொல்லும் அனுபவங்களில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது ஹிரோஷிமா நகரத்து விடுதியில் நடந்தது. வெளியூர் போய்விட்டுச் சில நாளில் திரும்ப வேண்டியிருந்தபடியால், தம் கடிகாரத்தையும் பணத்தையும் விடுதியில் ஒப்படைத்துப் போக விரும்பினார். விடுதிப் பெண் ஒரு தட்டைக் கொண்டு வந்து பாயின் மேல் வைத்து, அதில் வைத்துவிட்டுப் போகும்படி சொன்னாள். அவ்வளவுதான். பெட்டி இல்லை, பூட்டு இல்லை, ரசீதும் இல்லை. யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கக்கூடிய காகிதக் கதவுதான் காவல். மோர்ஸ் மனத்தைத் தேற்றிக் கொண்டு புறப்பட்டார். திரும்பி வந்து பார்த்தபோது, கடிகாரமும் கடைசிச் செப்புக் காசு வரையில் பணமும் வைத்தது வைத்தபடி தட்டில் இருந்தன. தம் நாட்டில் பொது இடங்களில் தண்ணீர்க் குவளையைக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்க வேண்டியிருப்பதை அவர் அப்போது வெட்கத்துடன் நினைத்துக் கொண்டார்.

இந்த மக்களுக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுக்க வந்திருக்கிறோம் என்ற எண்ணத்துடன் வரும் அந்நியன், தன் நாட்டில் நீதி போதனையாக வற்புறுத்தப்படும் நற்குணங்கள் இங்கே பிறப்பிலேயே அமைந்திருப்பதைக் கண்டு திகைக்கிறான் என்பது மோர்ஸின் முடிவு. இதை அவர் எழுதியது எந்தக் காலத்தில் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஜப்பான் மேல்நாட்டாருடன் செய்து கொண்ட ஒப்பந்தங்களின்படி, அங்கே குற்றம் செய்த வெள்ளைக்காரனை விசாரிக்க ஜப்பானிய நீதிபதிக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1899-ல்தான் அந்த அவமானம் நீங்கியது. ஒரு ஜாதியாரை நாகரிகக் குறைவுள்ளவர்கள் என்று சட்டமே சொல்லிக் கொண்டிருந்தபோது, அவர்களிடம் நாம் பாடம் கேட்க வேண்டும் என்று எழுதுவதற்கு நேர்மையும் துணிவும் வேண்டும்.

சொல்லக் கூசும் விஷயம்

இனி நாம் சொல்லப் போவது சாப்பாட்டு வேளையில் படிக்கத்தக்கதன்று. ஆனால் விஷயம் முக்கியமானது. நகரங்களின் கழிவை மேல்நாட்டார் ஆற்றில் விட்டுத் தண்ணீரைக் கெடுத்துக் கொண்டிருந்த நாளில், ஜப்பானியர் அதை விலை கொடுத்து வாங்கி வயலுக்கு எருவாகக் கொண்டு போனார்கள். ஹிரோஷிமாவில் ஏழைகள் குடியிருக்கும் வீடுகளில், ஓர் அறையில் மூவர் இருந்தால் கழிவின் விலையே ஒருவருடைய வாடகைக்கு ஈடாகும். ஐவர் இருந்தால் வாடகையே இல்லை என்று மோர்ஸ் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு தேசத்தின் நாகரிகத்தை மாளிகைகளில் மட்டும் தேடாமல் கொல்லைப்புறத்திலும் தேடியவர் அவர். ஆனாலும், பச்சையாக இடும் எருவினால் குடற்பூச்சி நோய்கள் பரவும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நம் கடமை. ஜப்பானியர் பிற்காலத்தில் அந்த வழக்கத்தைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

படத்தின் மறு பக்கம்

விருந்தாளியின் கண்ணுக்கு நடுக்கூடம் தெரியும். அடுக்களைப் புகை தெரியாது. மோர்ஸ் வந்ததற்கு அடுத்த வருஷம், 1878-ல், இஸபெல்லா பேர்ட் என்னும் ஆங்கில மாது, மொழிபெயர்ப்பாளன் ஒருவனை மட்டும் துணைக்கு அழைத்துக் கொண்டு ஜப்பானின் வட பகுதிகளில் பிரயாணம் செய்தார். தனியே சென்ற பெண்ணுக்கு வழியில் ஒரு தீங்கும் நேரவில்லை என்பதை அவரும் மெச்சி எழுதினார். ஆனால் அவர் கண்ட மலை நாட்டுக் கிராமங்களில் பூப்போல ஒட்டிய காகிதம் இல்லை. தெள்ளுப்பூச்சி நிறைந்த விடுதிகளும், தோல் வியாதியும் கண் நோயும் பிடித்த குழந்தைகளும், வறுமையும் இருந்தன. மோர்ஸும் பொய் சொல்லவில்லை. பேர்ட் அம்மையும் பொய் சொல்லவில்லை. ஒரே தேசத்தின் இரண்டு அறைகளை இருவரும் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்நியர் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே ஜப்பானியரின் அன்றாட வாழ்க்கையை மாற்றத் தொடங்கிற்று. 1871-ல் குடுமியை எடுத்துவிடலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. 1872-ல் டோக்கியோ தெருக்களில் மேலாடையின்றி நடப்பதற்கு அபராதம் விதித்தார்கள். வெயிலில் வேலை செய்யும் கூலிக்காரனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. 1873-ல் மகாராணியார் பற்களுக்குக் கறுப்பு ஏற்றும் பழைய வழக்கத்தை நிறுத்திக் கொண்டார். 1876-ல் ஸாமுராய்கள் இடுப்பில் வாள் தரிப்பது தடுக்கப்பட்டது. இவற்றுள் சில நல்ல மாறுதல்களே. ஆயினும், நல்லது கெட்டது என்று ஆராய்ந்து விட்டதைக் காட்டிலும், வெள்ளைக்காரன் சிரிப்பான் என்று அஞ்சி விட்டது அதிகம்.

பழைய வாழ்க்கை அப்படி மறைந்து கொண்டிருக்கையில், புதிய ஜப்பான் பலம் பெற்று எழுந்தது. 1905-ல் அது ருஷ்யாவை வென்றபோது நம் தேசபக்தர்கள் அடைந்த உற்சாகம் சொல்லி முடியாது. ஆனால் 1910-ல் கொரியாவை விழுங்கியதும் அதே ஜப்பான்தான். 1916-ல் ரவீந்திரநாத டாகுர் ஜப்பானுக்குச் சென்று, அந்த மக்களின் அழகுணர்ச்சியைப் போற்றிய அதே வாயால், மேல்நாட்டாரிடம் கற்ற ஆதிக்க வெறியைக் குறித்து எச்சரித்தார். அங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. 1937-ல் சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பானியச் சேனை செய்த கொடுமைகளை உலகம் மறக்கவில்லை. 1945 ஆகஸ்டு 6-ம் தேதி காலையில் அணுகுண்டு விழுந்து அழிந்தது எந்த ஊர்? தட்டில் வைத்த கடிகாரத்தை யாரும் தொடாத அந்த ஹிரோஷிமாதான்.

வீட்டுக்குள் ஒழுக்கமும் இனிமையும் நிறைந்திருந்தால் மட்டும் தேசத்தின் நடத்தை நேராகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அதே போல, தேசம் ஒரு காலத்தில் தவறான வழியில் சென்றது என்பதால் அந்த வீட்டு ஒழுக்கம் பொய்யாகிவிடவும் இல்லை. அந்நியரின் புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கண்ணாடிச் சாடியில் மிட்டாய்

மோர்ஸ் பொருள்களையும் சேர்த்தார். சிப்பியைப் போன்ற ஒரு பீங்கான் தட்டு கண்ணில் பட்டு, அதை வாங்கியதில் தொடங்கிற்று அவருடைய மட்பாண்டப் பித்து. நினகவா நொரிதானே என்னும் ஜப்பானிய நிபுணரிடம் மாணவரைப் போல் இருந்து, எந்தப் பாண்டம் எந்த ஊர்ச் சூளையில் வெந்தது என்று கண்டுபிடிக்கக் கற்றுக் கொண்டார். ஏறக்குறைய ஐயாயிரம் பாண்டங்கள் கொண்ட அவருடைய சேகரத்தை 1892-ல் பாஸ்டன் கலைக் காட்சிசாலை வாங்கிக் கொண்டது.

ஸேலம் என்ற பெயருள்ள அமெரிக்க நகரத்துப் பொருட்காட்சிசாலைக்கு அவர் சேர்த்துக் கொடுத்தவை அதனினும் விசித்திரமானவை. தேய்ந்த மரச் செருப்பு, அடுக்களைச் சாமான், தச்சர் கருவிகள், கடைப் பெயர்ப் பலகை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கண்ணாடிச் சாடியில் போட்ட சர்க்கரை மிட்டாய்! விலையுயர்ந்தவற்றை யாராவது காப்பாற்றுவார்கள். அற்பமானவற்றைத்தான் யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று அவர் உணர்ந்திருந்தார். 2013-ல் அந்தச் சாமான்களில் பல டோக்கியோவுக்குக் கொண்டு வரப்பட்டுக் காட்சியாக வைக்கப்பட்டன. தங்கள் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிய, ஜப்பானியர் அமெரிக்காவிலிருந்து செருப்பையும் மிட்டாயையும் வரவழைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதுமையில் மோர்ஸ் மீண்டும் விளக்குச் சிப்பி ஆராய்ச்சியில் இறங்கியபோது, ஜப்பானில் உடன் சுற்றிய நண்பர் பிகலோ அவரைக் கடிந்து கொண்டார். சிப்பி இன்னும் எத்தனையோ காலம் கடலில் இருக்கும்; நாம் கண்ட ஜப்பானோ மறைந்து கொண்டிருக்கிறது; அதைக் கண்டவர்களும் மறைந்து விடுவோம்; முதலில் அதை எழுது என்பது அவருடைய கடிதத்தின் கருத்து. அதன் பயனாக 1917-ல், நாட்குறிப்பிலிருந்த 777 சித்திரங்களுடன், 'ஜப்பான் நாளுக்கு நாள்' என்று பொருள்படும் பெயரில் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. ஆசிரியருக்கு அப்போது வயது எழுபத்தொன்பதை எட்டிக் கொண்டிருந்தது. 1923-ம் வருஷப் பூகம்பத்தில் டோக்கியோ ஸர்வகலாசாலையின் புஸ்தகசாலை எரிந்து போனதைக் கேட்டு, தம் புஸ்தகங்களையெல்லாம் அதற்கே எழுதி வைத்தார். 1925-ல் காலமானார்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறோம். மோர்ஸ் ஜப்பானில் இறங்கிய அதே 1877-ல், கொழும்பு நகரில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துத் தந்தைக்கு ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் ஆனந்த குமாரசாமி. மோர்ஸ் பிராணி நூல் வல்லவராக இருந்து குயவரிடமும் தச்சரிடமும் சென்றது போலவே, குமாரசாமி மண்ணையும் கல்லையும் ஆராயும் உத்தியோகத்தில் இலங்கையைச் சுற்றி வந்து, கைவினைஞர்களிடம் மனத்தைப் பறிகொடுத்தார். கண்டிச் சீமையின் கலைகளையும் தொழில்களையும் பற்றி 1908-ல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். 1917-ல் அவர் சென்று அமர்ந்த இடம், மோர்ஸின் பாண்டங்கள் இருந்த அதே பாஸ்டன் காட்சிசாலை. கிழவர் மோர்ஸ் அங்கே ஜப்பானிய மட்பாண்டங்களைப் பாதுகாத்து வந்தார். குமாரசாமி இந்தியச் சிற்பங்களையும் சித்திரங்களையும் ஏற்றுக் கொண்டார்.

ஆனால் இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மோர்ஸ் பிறர் வீட்டுச் செம்பை எடுத்து வியந்தவர். குமாரசாமி தம் வீட்டுச் செம்பைத் தாமே எடுத்துத் துலக்கிப் பார்த்தவர். முதலாவது காரியத்தைச் செய்ய விருந்தாளி வர வேண்டும்; வருவாரோ, வரமாட்டாரோ! இரண்டாவது காரியத்துக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே அடுக்களைப் பரணில் ஏறி, அங்கே கிடக்கும் பழைய சாமான்கள் எவை, அவற்றின் பெயர் என்ன, எதற்குப் பயன்பட்டன என்று வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டு எழுதி வைக்கலாம். பாட்டி இருக்கும்போதே கேட்பது நல்லது.